திர்ம்மிலி வேறு, திரமிளர் வேறு

கேள்வி: துருக்கியின் தென்மேற்குக் கரையில் வாழ்ந்த லிசியர்கள் தங்களைத் 'திர்ம்மிலி' என்று கல்வெட்டுகளில் எழுதியிருக்கிறார்கள். இது 'திரமிளர்', அதாவது தமிழர் என்பதுதானே? தமிழ்ப் பத்திரிகையான நீங்கள் ஏன் இதை உரக்கச் சொல்வதில்லை? – வாசகர், கும்பகோணம்

பதில்: அது நிற்காது என்பதால்தான் சொல்வதில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. வரலாற்றாசிரியர்கள் சிலரே ஒரு காலத்தில் இப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் கல்லில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

லிசியாவில் லெட்டூன் என்ற கோயில் வளாகத்தில் 1973இல் ஒரு மும்மொழிக் கல் கிடைத்தது. லிசியம், கிரேக்கம், அரமேயம். கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிக்சோதாரோஸ் லிசியாவுக்குப் பாரசீக ஆளுநர் ஆனதைச் சொல்லித் தொடங்குகிறது. கிரேக்கப் பகுதியில் 'லூக்கியா' என்று வரும் இடத்தில் லிசியப் பகுதி 'திர்ம்மிஸ்' என்கிறது. நாட்டின் பெயர் திர்ம்மிஸ். அந்த நாட்டார் திர்ம்மிலி. ஆக, நீங்கள் பிடித்துக்கொண்ட அந்த 'லி' வெறும் விகுதி. அதை எடுத்தால் அவர்களுடைய பெயருக்கு ஒன்றும் ஆகாது. 'தமிழ்' என்பதில் ழகரத்தை எடுத்துவிட்டு என்ன மிஞ்சும்?

அடுத்தது ரகரம். 'திரமிள' என்று நாம் நம்மை எந்தக் காலத்திலும் அழைத்துக்கொண்டதில்லை. "உயிர்மெய் யல்லன மொழிமுத லாகா" என்பது தொல்காப்பியம். 'திரமிள' வடமொழியில் 'த்ரமிள'. அப்படி 'த்ர' என்று மெய்யெழுத்தில் ஒரு சொல்லைத் தொடங்கவே நம் இலக்கணம் இடம் தராது. 'தமிழ்' பிராகிருதத்தில் 'தமிள' ஆகி, வடமொழிக்குப் போனபோது ஒட்டிக்கொண்ட ரகரம் அது. லிசியர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயரை, பிறர் நமக்கு வைத்த பெயரோடு ஒப்பிடுகிறீர்கள்.

மொழியையும் பாருங்கள். லிசியக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை கல்லறை வாசகங்கள். 'இந்தக் கல்லறையை இன்னார் தன் மனைவிக்கும் மக்களுக்கும் கட்டினார்' என்பதே திரும்பத் திரும்ப வரும். அதனால் உறவுப்பெயர்கள் நன்றாகத் தெரிகின்றன. மனைவி 'லதா', மகள் 'க்பத்ரா', பாட்டன் 'குகா'. க்பத்ராவுக்கு உறவு வடமொழியின் துஹிதா, கிரேக்கத்தின் துகாத்தேர். குகாவுக்கு உறவு, பண்டைய துருக்கியில் வழங்கிய ஹிட்டைட் மொழியின் ஹுஹ்ஹா. அப்பா 'தெதி', அம்மா 'எனி' என்றதும் தந்தை, அன்னை என்று மனம் ஓடும். எனக்கும் ஓடியது. ஆனால் இன்றைய துருக்கியிலும் அம்மா 'அன்னே'தான். அதற்கும் லிசியத்துக்கும் உறவில்லை, நமக்கும் இல்லை. குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகளிலிருந்து எல்லா ஊரிலும் இப்படிச் சொற்கள் பிறக்கின்றன.

சரி, திர்ம்மிஸ் எங்கிருந்து வந்தது? ஹிட்டைட் ஆவணங்களில் வரும் அட்டாரிம்மா என்ற ஊர்ப்பெயரோடு சிலர் இணைக்கிறார்கள். அதுவும் முடிவாகவில்லை. முடிவாகாததை அப்படியே வைத்திருக்க அந்தத் துறையினருக்குத் தெரியும். 'மிந்தி' என்றொரு சொல் அதே கல்லறைகளில் வருகிறது. கல்லறைக்குக் காப்பாக இருந்த, பணம் பெற்ற ஓர் அமைப்பு என்பது அந்தச் சொல் வரும் இடத்தைப் பார்த்தால் புரிகிறது. அது குடும்பமா, ஊர்ச்சபையா, வேறொன்றா? அந்நாட்டுக் கிரேக்கக் கல்வெட்டுகளிலேயே அது மொழிபெயர்க்கப்படாமல் 'மிந்திஸ்' என்று வருகிறது. நம்மில் ஒருவர் அதை 'மன்றம்' என்று எழுதிவிட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தில், அந்த மக்களிடம் மிஞ்சியிருக்கிற கொஞ்சத்தையும் நாம் பறித்துக்கொள்கிறோம்.

கடல் கடந்த கல்லில் தமிழர் பெயரைப் பார்க்க வேண்டுமா? அனுராதபுரத்துக்குப் போங்கள். அங்கே பழைய பிராமி எழுத்தில் 'தமேட' என்று இருக்கிறது, ரகரம் இல்லாமல். தமிழ் இல்லத்தார் கூடிய ஒரு மேடை அது. யார் யாருக்கு எந்த இருக்கை என்று பெயர் வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவன் மாலுமி.