ரப்பர் காசும் ஆறாத நெஞ்சும்

செய்த ஒரே பாவத்துக்குத் தினமும் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. பாவத்தை அறிக்கையிட்டால் ஆண்டவர் மன்னிப்பார் என்பதுதான் பைபிளில் 1 யோவான் 1:9. எத்தனை தடவை என்ற கணக்கு அதில் இல்லை.

பாறசாலை ரப்பர் தோட்டத்தில் ஒட்டுப்பால் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால்) விற்ற காசில் அண்ணனுக்குத் தெரியாமல் 6,000 ரூபாய் எடுத்தீர்கள், மூன்று வருஷமாக முழங்காலில் நிற்கிறீர்கள். சரி. அண்ணனிடம் சொன்னதாக ஒரு வரிகூட இல்லையே? எனக்கு அங்கேதான் இடிக்கிறது. ஆண்டவரிடம் பேசுவது சுலபம், அவர் முகம் சுளிப்பதை நாம் பார்ப்பதில்லை.

லூக்கா 19-இல் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னது, இயேசு அவன் வீட்டுக்கு வருவேன் என்ற பிறகுதான். அது மன்னிப்புக்குக் கொடுத்த விலை இல்லை, விசுவாசம் வந்தவன் கை தானாக மடியை அவிழ்த்தது.

அடுத்த முறை ரப்பர் ஷீட் உலர்த்தும்போது காசை ஒரு கவரில் போட்டு அண்ணன் கையில் கொடுத்துப் பாருங்கள். "அன்னிக்கு நான் எடுத்தது" என்று சொன்னால் போதும். "கஷ்டத்தில் எடுத்தேன்" என்று ஆரம்பித்தால் அது வக்காலத்து ஆகிவிடும்.

அவர் கத்தலாம், பேசாமல்கூடப் போகலாம். அவர் மன்னிப்பது உங்கள் கையில் இல்லை.

கொடுத்த பிறகும் அதே எண்ணம் சுற்றிச்சுற்றி வந்தால் போதகரோடு ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூதர்கூடத் துறவியாக இருந்தபோது மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தவர்தான். மருத்துவரைப் பார்ப்பதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.