30 நாள் எழுத்து, ஓவியச் சவால்களில் ஆர்வமாகச் சேர்கிறேன், பத்தாம் நாளே நின்றுவிடுகிறது. முடிப்பவர்கள் எப்படி முடிக்கிறீர்கள்?

நானும் அப்படிப் பத்தாம் நாளில் நின்றவள்தான். முதலில் சேர்ந்தது நனோரைமோ. நவம்பர் மாதம் முழுக்க எழுதி 50,000 சொற்களில் ஒரு நாவல். 1999-ல் அமெரிக்காவில் தொடங்கியது (நடத்திய அமைப்பு 2025-ல் மூடப்பட்டுவிட்டது). நாளுக்கு 1,667 சொல் என்று கணக்கு. எட்டாம் நாள் பையனுக்குக் காய்ச்சல், ஒன்பதாம் நாளும் எழுதவில்லை. பத்தாம் நாள் உட்கார்ந்தபோது 5,000 சொல் எழுத வேண்டியிருந்தது. தமிழில் ‘எழுதிக்கொண்டிருந்தேன்’ என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் அதுவே மூன்று. அப்படிப் பார்த்தால் நமக்கு அந்த 5,000 இன்னும் பெரிது. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் மார்கழி பிறந்தது. குடியாத்தத்தில் எங்கள் அம்மா மார்கழி முழுக்க நாளுக்கு ஒரு புதுக் கோலம் போடுவார். புள்ளி எண்ணிக்கையோடு எல்லாம் முன்கூட்டியே நோட்டில் போட்டுப் பார்த்திருப்பார். அந்த வருஷம் நடுவில் தெருவில் ஒரு சாவு. அன்று காலை ஒரு வாசலிலும் கோலம் இல்லை. மறுநாள் அம்மா வழக்கம்போலத் தண்ணீர் தெளித்து, அன்றைக்கு உரியதைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். முந்தின நாளுடையதையும் சேர்த்துப் போட வேண்டும் என்று தெருவில் யாருக்கும் தோன்றவே இல்லை. நவம்பரில் நான் எங்கே தவறினேன் என்று அந்த வாசலில்தான் தெரிந்தது.

அதனால் என் பதில் இதுதான்: விட்ட நாளை ஈடுகட்டப் போகாதீர்கள். பதினோராம் நாள் என்றால் பதினோராம் நாள் வேலையை மட்டும் செய்யுங்கள். 30-க்கு 26 வந்தால் அதை நான் முடித்ததாகவே எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் அளவு. இங்க்டோபர் என்று ஒன்று உண்டு. ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் 2009-ல் தொடங்கியது, அக்டோபரின் 31 நாளும் மையால் ஒரு படம். வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை வரைய ஆசைப்பட்டேன். முழுத் தூண் என்றால் ஒரு வாரம் பிடிக்கும். அதனால் ஒரு நாள் யாளியின் வாய், மறுநாள் குதிரையின் முன்னங்கால் என்று பிரித்துக்கொண்டேன். 31-ல் 27 வந்தது. பேனாவும் தாளும் செப்டம்பரிலேயே வாங்கி வைத்தது பெரிய உதவி.

இப்போது ஈற்றடி வெண்பா. வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு கடைசி அடி தருவார்கள், மேலே மூன்று அடி நாம் கட்ட வேண்டும். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை) தட்டாமல் வர வேண்டும். மூன்றே அடி என்பதால் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே முடிந்துவிடுகிறது, உட்கார இடம் கிடைத்தால். இன்றைய ஈற்றடி ‘வெயிலும் விருந்தாளி தான்’. நம் ஊருக்கென்றே கொடுத்தது போல இருந்தது. லத்தேரி தாண்டுவதற்குள் மூன்று அடியும் வந்துவிட்டன. இரண்டாம் அடியின் முடிவில் வரும் தனிச்சொல்லில் மட்டும் எதுகை சரியாக அமையவில்லை. திரும்பும் பஸ்ஸில் பார்க்க வேண்டும்.