முதலில் அவுட்டாகிற பிள்ளை

அன்புள்ள ஐயா,

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 38 பிள்ளைகள். கால அட்டவணையில் உடற்கல்வி இருக்கிறது, உடற்கல்வி ஆசிரியர் இல்லை. எனக்கும் அதில் பயிற்சி கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பந்தைக் கொடுத்து வெளியே விடுவேன். நன்றாக விளையாடக்கூடிய பத்துப் பன்னிரண்டு பேர் விளையாடுவார்கள். சில பிள்ளைகளுக்கு இயல்பிலேயே விளையாட்டில் நாட்டமில்லை. அவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள், நான் வற்புறுத்துவதில்லை. மைதானம் முழுக்க முள்ளும் சரளையும். பெற்றோர் சிலர் "விளையாடவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்" என்று கேட்கிறார்கள். திறமையை இந்த வயதிலேயே அடையாளம் கண்டு வளர்க்க வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். என்னால் முடிந்த அளவில் உடற்கல்வியை எப்படி நடத்துவது? நல்ல விளையாட்டுப் புத்தகம் ஏதாவது சொல்வீர்களா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்களைத் திட்டப் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கணக்கு நோட்டைத் திறக்கச் சொல்லாமல் பந்தைக் கொடுத்து வெளியே விடுகிறீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையில் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமையில் இருக்கிற மாநிலம் இது.

சரி, இப்போது அந்த வேப்பமரத்துக்கு வருவோம்.

"இயல்பிலேயே நாட்டமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? அந்தப் பிள்ளைகளா? ஆறு வயதில் ஓடப் பிடிக்காத பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கல்யாண மண்டபத்தில் பாருங்கள், பந்தி நடுவே, நாற்காலிக்கு அடியில், வாழைமரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். அதே பிள்ளை உங்கள் பள்ளிக்கூடத்து மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் யாரோ அதை உட்கார வைத்திருக்கிறார்கள். எப்படி உட்கார வைத்தார்கள் என்பதைத்தான் நீங்கள் யோசித்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. பாதிக்கு மேல் இருப்பார்கள். எழுதாமலே தெரிகிறது.

கொஞ்ச நாள் முன்பு ஒரு நர்சரி பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புக்கு மியூசிக்கல் சேர். பாட்டு நின்றதும் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், ஒரு சிறுமி மட்டும் நாற்காலி எங்கே என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. "அவுட்டு, இந்தப் பக்கம் வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்புறம் ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கடைசியில் இரண்டு பேர் ஓட, மற்ற எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயித்த பையனுக்கு என் கையால் ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தேன். அதற்கு விளையாட்டு விழா என்று பெயர். உட்கார்ந்திருக்கும் விழா என்று அழைப்பிதழில் போட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்ததுதான் இது. உங்கள் கடிதம் வந்து கிளறிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். யார் முதலில் அவுட்டாகிறார்கள்? மெதுவாக ஓடுகிறவன், பருமனாக இருக்கிறவள், கண் சரியாகத் தெரியாதவன், நேற்றுவரை காய்ச்சலில் கிடந்தவள். ஓட்டம் அதிகம் தேவைப்படுகிற பிள்ளைதான் முதல் நிமிடத்தில் வெளியே போகிறது. ஏற்கெனவே நன்றாக ஓடுகிறவன் கடைசிவரை ஓடி இன்னும் நன்றாக ஓடுகிறான். வாசிக்கத் திணறுகிற பிள்ளையிடமிருந்து முதலில் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்கிற ஆசிரியை உண்டா? தமிழ்ப் பாடத்தில் செய்ய மாட்டீர்கள். ஆனால் மைதானத்தில் அதைத்தான் எல்லோரும் செய்கிறோம், விசில் வேறு ஊதிக்கொண்டு.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர் எனக்கு. அந்த வட்டாரத்தில் ஹாக்கி என்பது காய்ச்சல் மாதிரி. முனை வளைந்த கருவேலங்கம்பு கிடைத்தால் மட்டை ஆகிவிடும். இந்திய அணிவரை போன மாரீஸ்வரன் சக்திவேல் அந்த மண்ணிலிருந்து வந்தவர்தான். ஆனால் நான் சொல்ல வருவது மாரீஸ்வரனைப் பற்றி இல்லை, செருப்பு காத்தவனைப் பற்றி. இரண்டு தலைவர்கள் நின்று ஆள் பிரிப்பார்கள். கடைசியில் நான் மிஞ்சுவேன். "இவனை நீ வச்சுக்க", "எனக்கு வேணாம், நீயே வச்சுக்க" என்று பேரம் நடக்கும். என்னை வைத்துக்கொண்டுதான் பேரம் நடக்கும், நானும் ஏதோ ஆட்டு வியாபாரம் பார்ப்பதுபோல பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு ஒருநாள் ஆசிரியரே, "நீ செருப்பைப் பாத்துக்கடா" என்று எனக்கொரு பதவி கொடுத்துவிட்டார். அன்போடுதான் சொன்னார். நானும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தால் அது யாருடையது, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அது யாருடையது என்று எனக்கு அத்துப்படி. அந்த வருஷம் யாராவது வந்து கேட்டிருந்தால் அந்த ஆசிரியரும் உங்களைப் போலத்தான் சொல்லியிருப்பார்: பாவம், அவனுக்கு விளையாட்டில் நாட்டமில்லை.

இதே நான் சாயங்காலம் தெருவில் விழுந்து விழுந்து ஓடினேன். அங்கே ஆசிரியர் கிடையாது, அக்காமார் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயது அக்காமார், இடுப்பில் ஒரு தம்பி, கையில் ஒரு தங்கச்சி. சின்னதுகளை விட்டுவிட்டு விளையாட அவர்களால் முடியாது, அம்மா அடிப்பாள். அதனால் எங்களை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். பெயர் நன்றாக இல்லைதான், வழக்கம் அருமையானது. நாம் எல்லாரோடும் ஓடலாம், கத்தலாம், ஆளைத் தொடக்கூடச் செய்யலாம். நம்மைத் தொட்டால் அவுட் இல்லை. நாள் போகப் போக, "இனிமே நீ சரியான ஆளு" என்று ஒருநாள் அறிவிப்பார்கள். அந்த உத்தியோக உயர்வு மாதிரி ஒன்று பிறகு எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் வாசலை மிதிக்காத பிள்ளைகள் செய்த ஏற்பாடு இது. பள்ளிக்கூடத்தில் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தும் நான் செருப்பு காத்தேன்.

கபடியைப் பாருங்கள். எதிரணி ஆள் அவுட்டானால் நம் பக்கம் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் உள்ளே வரலாம். ஆகவே வெளியே இருப்பவனும் ஆட்டத்துக்குள்தான் இருக்கிறான், எழுந்து வரத் தயாராகக் குந்தியிருக்கிறான். வெளியே போனவனைத் திரும்பக் கூட்டி வருகிற வழி நம் ஆட்டத்திலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு மியூசிக்கல் சேரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், ஒன்று முதல் ஐந்துவரை, அவுட்டாகி வெளியேறுகிற ஆட்டத்தை அடியோடு நிறுத்துவது. நாற்காலி குறையட்டும், பிள்ளை குறையக் கூடாது. உட்கார இடமில்லாதவன் அடுத்தவன் மடியில் உட்காரட்டும். கடைசியில் ஒரே நாற்காலியில் பத்துப் பேர் குவிந்து கிடப்பார்கள், அந்தச் சிரிப்பு ஒரு டிபன் பாக்ஸுக்குக் கிடைக்காது. ஓடிப்பிடிப்பதில் பிடிபட்டவன் வெளியே போக வேண்டாம், பிடித்தவன் கையைக் கோத்துக்கொண்டு இன்னொருவனைத் துரத்தட்டும். பந்தால் ஆளை அடிக்கிற ஆட்டத்தில் அடிபட்டவன் எதிர்ப்பக்கம் போய் அந்த அணிக்கு ஆடட்டும். ஆட்டம் முடியும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்க வேண்டும். ஒருவருக்காவது மூச்சு வாங்கவில்லை என்றால் அன்றைய பாடம் அந்தப் பிள்ளைக்கு நடக்கவில்லை.

ரிலே வரிசையும் இந்த ரகம்தான். எட்டுப் பேர் வரிசையில் ஒருவன் ஓட ஏழு பேர் வேடிக்கை. வரிசையை மூன்று மூன்று பேராக உடையுங்கள்.

பந்துக் கணக்கும் அப்படித்தான். 40 நிமிடப் பாடவேளை, 38 பிள்ளைகள், ஒரு பந்து. நேர்மையாகப் பங்கு போட்டாலும் தலைக்கு ஒரு நிமிடம் சொச்சம். உங்கள் பள்ளியில் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேர் எல்லா நிமிடத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது சில பிள்ளைகளுக்குப் பந்தைப் பிடிக்கவே தெரியாது. பந்து வந்தால் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஓடுவது, ஒற்றைக்காலில் தாவுவது, எறிவது, பிடிப்பது, நிலை தடுமாறாமல் நிற்பது எல்லாம் இந்த வயதில் பழகினால் எளிதாக வரும். ஆறாம் வகுப்பில் போய்ப் பழகுவது சிரமம், அதற்குள் வெட்கம் வந்துவிடும்.

மற்றக் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். திறமையை அடையாளம் காண்பதா? விடுங்கள். அரசின் பள்ளி விளையாட்டுப் போட்டிகளே பெரும்பாலும் 14 வயதுக்கு உட்பட்டோர் என்றுதான் தொடங்குகின்றன. திறமைசாலியை எட்டு வயதில் நீங்கள் கண்டுபிடிக்காவிட்டாலும் அவனே உங்களைக் கண்டுபிடித்துப் பந்து கேட்பான். முள்ளும் சரளையுமா? பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு ஊராட்சியிடம் கொடுங்கள். அதுவரை பிள்ளைகள் ஓடியாடுகிற அளவுக்கு ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்தால் போதும், நான் சொன்ன ஆட்டங்களுக்கு முழு மைதானம் வேண்டாம்.

பயிற்சி இல்லை என்கிறீர்கள். உங்கள் குறையில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வகுப்பில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர். தமிழ்நாட்டில் 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களும் அந்த வகுப்புகளுக்குத்தான், அதிலும் உடற்கல்வி, ஓவியம், தையல் எல்லாம் சேர்த்து. உங்கள் வகுப்புகளுக்கு அந்தச் சட்டம் விளையாட்டு மைதானம் கொடுக்கிறது, விளையாட்டுப் பொருள் கொடுக்கிறது, ஆள் கொடுக்கவில்லை. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியை ஹாரி பக் என்ற அமெரிக்கர் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் தொடங்கியது நம் சென்னையில். நூறு வருஷம் தாண்டியும் அங்கே படித்தவர் யாரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் வந்து சேரவில்லை. ஆகவே நீங்கள்தான். வேறு யாரும் வரப்போவதில்லை.

பெற்றோருக்கு என்ன சொல்வது என்று கேட்டால், கண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மூன்று வருஷம் ஓர் ஆய்வு செய்தார்கள், 2015-இல் முடிவு வெளிவந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வகுப்புக்கு வெளியே வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் நூற்றுக்கு 30 பேர், மற்றப் பள்ளிகளில் 40 பேர். விளையாட்டு என்றால் காது கொடுக்காத அப்பாக்கள் கண்ணாடிச் செலவு என்றால் கேட்பார்கள். ஐந்து முதல் பதினேழு வயதுவரை தினம் சராசரியாக ஒரு மணி நேரமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் வெள்ளிக்கிழமை நாற்பது நிமிடம் எந்த மூலைக்கு? தினமும் காலையில் கால் மணி நேரமாவது எடுங்கள். இப்போதுதான் பள்ளியிலேயே காலை உணவு போடுகிறார்களே, பிரேயரில் பிள்ளை மயங்கி விழுகிற காலம் மலையேறிவிட்டது. சாப்பிட்ட உடனே மட்டும் ஓட விடாதீர்கள், ஒரு பாடவேளை போகட்டும். பங்குனி, சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் வெளியே விட வேண்டாம்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். புத்தகம் எதற்கு? காலை உணவு சமைக்க வருகிற அம்மாக்களைக் கேளுங்கள். கிளித்தட்டு, பச்சைக்குதிரை, நொண்டி, கல்லா மண்ணா என்று அவர்களுக்குத் தெரியாததா? கோடு போட்டும் காட்டுவார்கள். வெட்கப்படுவார்கள், விடாமல் கேளுங்கள்.

பந்துக்கு நிதி ஒதுக்கீடு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தையல் கடையில் வெட்டுத்துணி சும்மாவே தருவார்கள். உள்ளங்கை அளவுக்குச் சின்னப் பைகள் தைத்து முக்கால் பங்கு புளியங்கொட்டை போட்டு வாயை மூடிவிடுங்கள், பிள்ளைக்கு ஒன்று வீதம் 38. உருண்டு ஓடாது, முகத்தில் பட்டாலும் ரப்பர் பந்து அளவுக்கு வலிக்காது, பயந்தாங்கொள்ளிப் பிள்ளையும் கண்ணைத் திறந்துகொண்டே பிடிக்கும். கொட்டையை நன்றாக வெயிலில் காயவைத்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் வண்டு விழுந்துவிடும்.