ஆறு பேருந்துகள் ஓடும் தடத்தில் அரை மணி நேரம் நிற்க நேர்வது ஏன்?

"சென்னையில் தினமும் பேருந்தில் செல்பவர்களுக்காகப் பொதுப் போக்குவரத்தை மேம்படுத்த முதலில் எதைச் செய்ய வேண்டும்? மெட்ரோவை நீட்டிப்பதா, மின்சாரப் பேருந்துகளை வாங்குவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்தால், நீங்கள் அண்மையில்தான் பேருந்தில் ஏறத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வடசென்னையிலிருந்து அடையாறுப் பக்கம் பல ஆண்டுகளாக வேலைக்குச் சென்று வரும் என்னைப் போன்றவர்களுக்கு வண்டி டீசலில் ஓடுகிறதா மின்சாரத்தில் ஓடுகிறதா என்பது கடைசிக் கவலை. அடுத்த வண்டி எப்போது வரும் என்பதுதான் முதல் கவலை. ஆகவே என் பதில் இதுதான்: பயணியின் காத்திருப்பைக் குறைக்க வேண்டும், குறைப்பதற்கு முன் அதை யாராவது அளக்க வேண்டும். இன்று வரை அதை அளப்பவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே விரல்ரேகை வைக்கும் வருகைப்பதிவுக் கருவியைப் பொருத்தினார்கள். ஒன்பதரை மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் தாமதம். ஒரு மாதத்தில் மூன்று தாமதங்கள் சேர்ந்தால் அரை நாள் சம்பளம் பிடித்தம். காரில் வரும் மேலாளர், "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பக் கூடாதாம்மா?" என்று மிகவும் அன்பாகக் கேட்பார். சீக்கிரம் கிளம்புவதில் எனக்குச் சிரமம் இல்லை. எவ்வளவு சீக்கிரம் என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் நிறுத்தத்துக்குப் போனவுடன் வண்டி வரும். மறுநாள் அதே நேரத்துக்குப் போனால் அரை மணி நேரம் ஒன்றும் வராது, பிறகு ஒரே எண்ணில் மூன்று வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். முதல் வண்டியில் படிக்கட்டு வரை ஆட்கள் தொங்குவார்கள். மூன்றாவது வண்டியில் ஜன்னலோர இருக்கைகள் காலியாக இருக்கும்.

அலுவலகத்தில் காட்டுவதற்காகவே ஒரு குறிப்பேட்டில், எங்கள் நிறுத்தத்தைக் காலையில் எந்தெந்த நேரத்தில் வண்டிகள் கடக்கின்றன என்று சில மாதங்கள் எழுதி வைத்தேன். அலுவலகத்தில் அதை யாரும் புரட்டக்கூட இல்லை. சரி, வண்டியை அனுப்புகிறவர்களிடமாவது காட்டுவோம் என்று ஒரு விடுப்பு நாளில் பணிமனைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே உட்காரச் சொன்னார். குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுத் தம் பதிவேட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "பாருங்கம்மா, அன்னைக்கு எல்லா டிரிப்பும் போயிருக்கு. ஒண்ணுகூட கட் இல்லை" என்றார். உண்மைதான், ஒரு நடையும் ரத்து செய்யப்படவில்லை. அவருடைய கணக்கில் பிழை இல்லை, என்னுடைய கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் அந்தப் பதிவேட்டில் நான் வெயிலில் நின்ற நேரத்துக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

இதைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 6 பேருந்துகள் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை 10 நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே 6 பேருந்துகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 20 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால், சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். மும்மூன்றாகச் சேர்ந்து அரை மணிக்கு ஒரு முறை வந்தால் 15 நிமிடம். மூன்று நிலைகளிலும் வண்டி அதே 6, ஓட்டுநர் அதே 6 பேர், எரிபொருள் செலவும் ஏறக்குறைய அதே. பதிவேட்டிலும் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பயணி நிற்கும் நேரம் மூன்று மடங்காகிவிடுகிறது. சராசரியே 15 நிமிடம் என்றால், முழு அரை மணி நேரமும் நிற்பவர்கள் அதில் இருப்பார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் அவர்களில் ஒருத்தி.

வண்டிகள் ஏன் இப்படிச் சேர்ந்துகொள்கின்றன என்பதை எனக்கு விளக்கியவர் ஒரு நேரக்காப்பாளர். பேருந்து நிலையத்தின் சிறிய அறையில் உட்கார்ந்து வண்டிகளின் நேரம் குறிப்பவர். ஓய்வு பெறும் வயதில் இருந்தார். அவர் சொன்னது இவ்வளவுதான். ஒரு வண்டி சிக்னலிலோ பள்ளத்திலோ மாட்டி ஐந்து நிமிடம் பிந்திவிட்டால், அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் காத்திருக்கும் கூட்டம் அந்த ஐந்து நிமிட அளவுக்குக் கூடிவிடும். கூட்டம் கூடினால் ஏறி இறங்க நேரம் பிடிக்கும். அதனால் இன்னும் பிந்தும். பின்னால் வரும் வண்டிக்கோ நிறுத்தத்தில் ஆளே இருக்காது. அது விரைந்து வந்து முன்வண்டியைப் பிடித்துவிடும். நம் ஊரில் இதற்கு மேல் ஒன்று உண்டு. நடத்துநர் பெரும்பாலும் தம் இருக்கையில்தான் இருப்பார். காசு கைமாறிக் கைமாறி அவரிடம் போக வேண்டும், சீட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஸ்டேஜ் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் சீட்டுக் கொடுத்தாக வேண்டும், செக்கிங் ஏறினால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால், நெரிசல் மிகும்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சீட்டுக் கொடுப்பதையும் பார்த்திருப்பீர்கள். பிந்திய வண்டி மேலும் பிந்துகிறது.

ஓட்டுநர்களைக் குறை கூறுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கடைசி நிறுத்தத்தில் தேநீர் குடிக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் உள்ள இடைவேளையைத் தாமதம் விழுங்கிவிட்டால், அந்த மனிதர் உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு புறப்பட வேண்டியிருக்கிறது. அந்த நேரக்காப்பாளர் தம் பணிக்காலத்தில் ஒரு சிறிய ஏற்பாட்டைச் செய்திருந்தார். சேர்ந்து வந்த இரண்டு வண்டிகளில் பின்வண்டியைச் சற்று நேரம் நிறுத்தி வைத்து, இடைவெளி விட்டு அனுப்புவார். அட்டவணையில் எழுதிய நேரத்தைவிட முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் உள்ள இடைவெளியே முக்கியம் என்பது அவர் கொள்கை. "பின்னாடி வண்டி லேட்னு எனக்கு மெமோ கொடுப்பாங்கம்மா, ஆனா ஜனங்களுக்கு அதுதான் நல்லது" என்றார். அவர் இருந்த வரையில் எங்கள் நிறுத்தத்தில் காலை நேரம் ஓரளவு சீராக இருந்தது என்பதற்கு என் குறிப்பேடு சாட்சி. அவர் ஓய்வு பெற்ற பிறகு பழைய நிலையே திரும்பிவிட்டது. ஒரு தனிமனிதரின் நல்ல மனத்தை நம்பி ஒரு நகரத்தின் போக்குவரத்து நடக்கக் கூடாது அல்லவா?

வெளிநாட்டை எடுத்துக்காட்டினால் சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். லண்டனில் 2001 முதல் பேருந்து நிறுவனங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில், அடிக்கடி வண்டி வரும் தடங்களுக்கு 'மிகைக் காத்திருப்பு நேரம்' என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். வண்டிகள் சீராக வந்திருந்தால் பயணி எவ்வளவு நேரம் நின்றிருப்பார், உண்மையில் எவ்வளவு நேரம் நின்றார் என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அது. கூடினால் நிறுவனத்துக்குப் பணம் குறையும், குறைந்தால் ஊக்கத்தொகை. சிங்கப்பூரும் 2014இல் இதே அளவுகோலைச் சில தடங்களில் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. நாமோ ஓடிய கிலோமீட்டரையும் வசூலையும் எண்ணுகிறோம். எண்ணப்படுவதைத்தான் ஊழியர்கள் காப்பாற்றுவார்கள்; வசூல் கூடினால் அவர்களுக்குக் கிடைக்கும் படிக்காசு (பேட்டா) கூடும் என்றால், கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகவே மனம் வரும். அதில் அவர்கள் தவறு என்ன இருக்கிறது?

மெட்ரோ வந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று ஒருவர் பின்னூட்டம் இடுவார். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிப்காட் செல்லும் வழித்தடம் பெரம்பூர், புரசைவாக்கம், ஜெமினி, மயிலாப்பூர், அடையாறு என்று, பெரம்பூரையும் பெசன்ட் நகரையும் இணைத்த 29சி பேருந்தின் பாதையைப் பெருமளவு ஒட்டியே போகிறது. அது வந்தால் நானே அதில் செல்வேன். ஆனால் என்னோடு அதே நிறுத்தத்தில் நிற்கும், அடையாறில் இரண்டு வீடுகளில் வேலை செய்யும் அக்கா செல்ல மாட்டார். அவருக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே மாதம் முதல் கட்டணமே இல்லை; மெட்ரோவில் அவ்வளவு தூரத்துக்கு நாள்தோறும் பணம் கொடுத்துப் போய்வந்தால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். மெட்ரோ நிலையத்திலிருந்து அவர் வேலை செய்யும் தெருவுக்கும் எப்படியும் ஒரு பேருந்து வேண்டும்.

இலவசப் பயணம் என்று எழுதியவுடன், "அதனால்தான் கூட்டம், அதனால்தான் தாமதம்" என்று சொல்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டத்தால் வீட்டுக்குள் இருந்த பெண்கள் வேலைக்கும் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் போகத் தொடங்கியதை என் தெருவிலேயே பார்க்கிறேன். ஆனால் காசு வாங்காத வண்டியில் ஏறுவதாலேயே, நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும் வண்டியின் பின்னால் ஓட வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. சீட்டுக்குப் பணம் இல்லை என்றாலும், அந்த அக்கா காத்திருக்கும் நேரத்துக்கு விலை உண்டு. அவர் பிந்தினால் அந்த வீடுகளிலும் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கிறது.

நிறுத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றத்தில் நெடுங்காலம் போராடியதன் பின்னர் 2024இலிருந்து சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் வரத் தொடங்கியிருக்கின்றன. 2025இல் தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் சேர்ந்தன. பழைய வண்டிகளில் தளத்தின் உயரம் 900 மில்லிமீட்டர். இவற்றில் 400 மில்லிமீட்டர்தான். நடைபாதையை ஒட்டி வண்டி நின்றால், நடைபாதையின் உயரம் போக மிச்சம் ஒரு சிறிய படி அளவுதான். முழங்கால் வலியுள்ளவரும் தயங்காமல் ஏறலாம். ஆனால் எங்கள் நிறுத்தத்தில் ஆட்டோக்களும் இரு சக்கர வண்டிகளும் நிற்பதால், பேருந்து சாலையின் நடுவில்தான் நிற்கிறது. அங்கே போய் ஏறினால் அந்த முழு உயரத்தையும் தார்ச்சாலையிலிருந்து ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை விரித்தாலும் அது செங்குத்தாகத்தான் இருக்கும். புதிய வண்டிக்கான செலவோடு ஒப்பிட்டால், நிறுத்தத்தின் முன்னால் சில மீட்டர் நீளத்துக்கு வேறு வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்ளும் செலவு ஒன்றுமே இல்லை. நிழற்குடையின் எவர்சில்வர் இருக்கை வெயிலில் கொதிப்பதையும், விளம்பரப் பலகைக்கு இரவெல்லாம் விளக்கு எரிய, தட எண்கள் எழுதிய பலகை மட்டும் காணாமல் போயிருப்பதையும் இங்கே விவரிக்கத் தொடங்கினால் பதில் முடியாது.

செயலி இருக்கிறதே என்பீர்கள். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியை நானும் பயன்படுத்துகிறேன். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டு எடுக்க முடிவது நல்ல வசதி. ஆனால் மூன்று வண்டிகள் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன என்று செயலி சொல்லலாமே தவிர, அவற்றைப் பிரித்து அனுப்ப அதனால் முடியாது. அதற்கு ஓர் அதிகாரி வேண்டும், அந்த அதிகாரியிடம் ஓர் அளவுகோல் வேண்டும்.

எங்கள் தடத்தில் காலை வேளையில் அடுத்தடுத்த பேருந்துகளுக்கு இடையே உண்மையில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு முறை மனு கொடுத்தேன். அத்தகைய பதிவு பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. வண்டி இருக்கும் இடத்தைச் செயலியில் காட்ட முடிகிறது என்றால், இடைவெளியைக் கணக்கிடத் தேவையான தரவு எங்கோ இருக்கத்தானே வேண்டும்? நீங்கள் கணினித் துறையில் இருப்பவர் என்றால் இது எவ்வளவு எளிய கணக்கு என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனவே கோரிக்கை எழுதும்போது, காலை எட்டு முதல் பத்து மணி வரை ஒவ்வொரு தடத்திலும் பயணிகள் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். "கூடுதல் பேருந்து இயக்குக" என்று மட்டும் எழுதினால், "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். ஒருவேளை அந்தக் கூடுதல் வண்டியே வந்தாலும், அது மூன்றாவது வண்டிக்குப் பின்னால் நான்காவதாக வந்து நிற்கும்.