கடி காலில், நெறி கட்டியது அக்குளில்: நாய்க்கடி ஊசி சரியாகத்தான் போட்டார்களா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் 9 வயது மகனைத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்து ரத்தம் வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் இரண்டு கையிலும் தோலுக்குள் கொசுக்கடி அளவுக்கு ஊசி போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தனியார் கிளினிக்கில் முழுக் குப்பியையே போட்டார்களாம். இரண்டு முறை போட்டாயிற்று, நாளை மறுநாள் ஏழாம் நாள் ஊசி. இப்போது அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. மருந்து போதவில்லையோ, தனியாரில் முதலிலிருந்து போடலாமா?

பதில்: முதலிலிருந்து போட வேண்டாம், அங்கேயே தொடருங்கள். ஆனால் இன்றைக்கே ஒன்றைப் பாருங்கள். ஊசி அட்டையில் சீரம் போட்டதாக எழுதியிருக்கிறதா? ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது, உடம்பு சொந்தமாக எதிர்ப்புப் புரதம் தயாரிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால் அதுவரை காவலுக்கு அந்தச் சீரத்தை, அதாவது தயாராக இருக்கும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினைக் கடிவாய்க்குள்ளும் சுற்றிலும் போட வேண்டும். முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாள் வரைதான் அதைப் போடுவார்கள். போடவில்லை என்றால் மீதியை அப்புறம் படிக்கலாம், இப்போதே கிளம்புங்கள்.

சரி, அந்தக் கொசுக்கடி ஊசிக்கு வருவோம். ஒரு கைக்கு 0.1 மில்லிதான். நீர்த்த மருந்து இல்லை, அதே குப்பி, அதே வீரியம், போடும் இடம்தான் வேறு. தோலில் டென்ட்ரிட்டிக் செல்கள், அதாவது வெளியிலிருந்து வருவதைப் பிடித்து எதிர்ப்புப் படைக்குக் காட்டும் காவல் செல்கள், நெருக்கமாக இருக்கின்றன. அவற்றில் ஒரு வகையை 1868-லேயே பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் தோலில் பார்த்துவிட்டு நரம்பு என்று நினைத்தார், 1973-ல் ரால்ஃப் ஸ்டைன்மன் வந்துதான் டென்ட்ரிட்டிக் செல்லை அடையாளம் காட்டினார், அதற்காக 2011-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்தச் செல் மருந்தைக் கவ்வியதும் சும்மா இருப்பதில்லை, இடத்தை விட்டு நகரத் தொடங்குகிறது. அதன் மேல் சிசிஆர்7 என்ற ஏற்பி முளைக்கும், நிணநீர்க் குழாயின் சுவரோ சிசிஎல்21 என்ற புரதத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும், மோப்பம் பிடித்துப் போவதுபோல அந்தத் தடத்திலேயே ஊர்ந்து குழாய்க்குள் நுழைந்து, ஒன்றிரண்டு நாளில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு நாள் தங்கிப் பார்க்கும், தனக்குப் பொருத்தமானது எதுவும் இல்லையென்றால் ரத்தம் வழியாக அடுத்த முடிச்சுக்குப் போய்விடும். பொருந்துகிற செல் மட்டும் நின்று பெருகும். அந்த நேரத்தில் முடிச்சுக்குள் வரவு கூடி, வெளியேறுவது கொஞ்ச நேரம் அடைபடுவதால் அது வீங்குகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் நெறி கட்டுவது என்று சொல்வது இதைத்தான். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், உங்கள் பையனுக்குக் கட்டியிருப்பதோ அக்குளில், ஆகவே பெரும்பாலும் அது கையில் போட்ட ஊசியின் வேலை. இரண்டு கையிலும் போடுவதும் இதற்குத்தான், இரண்டு பக்க முடிச்சுகளும் வேலையில் இறங்கும்.

தசையில் போடுவதும் சரியான முறைதான், அதற்கு 0, 3, 7, 14, 28 என ஐந்து நாள் போக வேண்டும். தோலில் போடுவதற்கு இந்தியாவில் 2006-ல் அனுமதி கிடைத்தது, 0, 3, 7, 28 என நான்கு நாள் போதும், ஒரே குப்பி பல பிள்ளைகளுக்கு வரும். விலை குறைகிறது என்பதால் மட்டமான ஊசி என்று நினைத்துவிடாதீர்கள், வாங்க முடியாமல் ஊசியைப் பாதியில் நிறுத்துகிறவர்களை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பிட்டத்தில் மட்டும் யார் போட வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அங்கே கொழுப்பில் மருந்து தேங்கி எதிர்ப்பு சரியாக உருவாகாது.

நாளை மறுநாள் ஊசி போடும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி சிறு கொப்புளமாக எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் ஊசி ஆழமாகப் போய்விட்டது, பக்கத்திலேயே இன்னொன்று போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பையன் ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஏதாவது சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அப்போது தசையில் போடுவதுதான் நல்லது. நெறி சில வாரத்தில் தானாக அடங்கும், சிவந்து வலித்தாலோ, காய்ச்சலோடு பெரிதானாலோ காட்டுங்கள்.

28-ஆம் நாளைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், புண் ஆறி எல்லாமே மறந்திருக்கும். அன்று ஸ்கூலில் பரீட்சையே இருந்தாலும் முடிந்ததும் நேராக அழைத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடுங்கள்.