பத்து சதவீதம்

அன்புள்ள ஐயா,

1980களின் பிரிட்டிஷ் ராக் குழுவான தி ஸ்மித்ஸைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய குறிப்பைப் படித்துத்தான் அவர்களைக் கேட்கத் தொடங்கினேன். பாடகர் மாரிஸியின் வரிகளோடுதான் என் கல்லூரி நாட்கள் கழிகின்றன. ஆனால் அவர் 2019இல் ஒரு தீவிர வலதுசாரிக் கட்சியின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடியதை அறிந்தபின் மனம் ஒப்பவில்லை. இனியும் அவர்களைக் கேட்கலாமா? குழு மீண்டும் ஒன்றுசேர வாய்ப்பு உண்டா? என்னைப் பொறுத்தவரை மாரிஸியும் கிட்டார் வாசித்த ஜானி மாரும்தான் ஸ்மித்ஸ். மற்ற இருவரும் பக்கவாத்தியக்காரர்கள். அவர்கள் இடத்தில் யார் இருந்திருந்தாலும் பாடல்கள் இப்படியேதான் வந்திருக்கும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பதில் எழுதும் எண்ணமே இல்லாமல்தான் உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டு வந்தேன். கடைசி வாக்கியம் என்னை உட்காரவைத்துவிட்டது. ஆண்டி ரூர்க் வாசித்த பேஸ் கிட்டாரை, அந்தத் தாழ்சுருதிக் கிட்டாரைத்தான் சில வாரங்களாக இரவுகளில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதரை நீங்கள் பெயர் சொல்லாமலே ஒதுக்கியிருக்கிறீர்கள்.

மாரிஸியின் அரசியல் எனக்கும் கசப்பானதே. அதற்காகப் பாட்டைக் கேட்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்காதீர்கள்; கேட்க முடிந்தால் கேளுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். குழு ஒன்றுசேருமா என்ற கேள்விக்கும் இடமில்லை. ரூர்க் கணையப் புற்றுநோயால் 2023 மே 19 அன்று நியூயார்க்கில் இறந்துவிட்டார். அவருக்கு வயது 59.

இனி உங்கள் பக்கவாத்தியத்துக்கு வருகிறேன். அந்தச் சொல் நம் கச்சேரி மேடையிலிருந்து வருவது. அங்கே கீர்த்தனை ஏற்கெனவே இருக்கிறது. பாடகர் இன்று ஒரு மிருதங்க வித்வானோடும் நாளை இன்னொருவரோடும் பாடலாம், கீர்த்தனை அதுவேதான். ராக் குழு அப்படி இயங்குவதில்லை. நான்கு பேர் ஓர் அறையில் நின்று வாசிக்கும்போதுதான் அந்தப் பாட்டுக்கு உடல் உண்டாகிறது. எந்த இடத்தில் டிரம்ஸ் பின்வாங்க வேண்டும், எந்த இடத்தில் பேஸ் மேலேறி கிட்டாருக்கு மறுமொழி சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்த அறையில், அந்த நால்வருக்கிடையே முடிவாகிறது. அதை எழுதிவைத்த தாள் எதுவும் கிடையாது. ஒலிப்பதிவே அந்தப் பாட்டின் மூலப்பிரதி. இதை உணராமல் பக்கவாத்தியம் என்று எழுதுவது செவிச் சோம்பல். கடுமையாகச் சொல்கிறேன் என்று வருந்தாதீர்கள். இதே சோம்பலில் நான் உங்களைவிட அதிக காலம் இருந்திருக்கிறேன்.

விடுதி அறையில் என்னிடம் இருந்தது உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒலிபெருக்கி கொண்ட ஒரு கேசட் பிளேயர். அதில் மாரிஸியின் குரல் வரும், மாரின் கிட்டார் மணிமணியாக வரும், டிரம்ஸ் தகரத்தில் தட்டுவதுபோல் வரும். பேஸ் வரவே வராது. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அப்படித்தான் கேட்டேன். அந்தப் பாடல்களெல்லாம் மனப்பாடம் என்று நண்பர்களிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள், பழைய இசைத்தட்டுகள் சேர்க்கும் நண்பர் ஒருவரின் வீட்டில், இடுப்பளவு உயரமுள்ள இரண்டு ஒலிபெருக்கிகளின் முன் தரையில் உட்கார்ந்து ‘திஸ் சார்மிங் மேன்’ கேட்டேன். கிட்டாரின் அடியில் இன்னொருவர் ஓடிக்கொண்டிருந்தார். அவர் மாரைத் தொடர்ந்து போகவில்லை. தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு, தாவித் தாவி, சில இடங்களில் குரலையே தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பாட்டு துள்ளுவதாக நான் அதுவரை நினைத்திருந்த துள்ளல் முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நண்பர் காபி கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போகும்வரை அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். பத்து ஆண்டுகளாக நான் கேட்ட பாட்டில் ஒரு முழு மனிதர் இருந்திருக்கிறார், நான் அவரை அறியவில்லை என்பதை நினைத்தபோது உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

எல்லோரும் வியக்கும் அந்தத் தொடக்கக் கதை, 1982இல் பதினெட்டு வயது மார் மாஞ்செஸ்டரை ஒட்டிய ஸ்ட்ரெட்ஃபோர்டில் 23 வயது மாரிஸியின் வீட்டுக் கதவைத் தட்டிய கதை, அழகானதே. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பள்ளிக்கூடத்திலேயே, மாரும் ரூர்க்கும் சேர்ந்து கிட்டார் பழகத் தொடங்கிவிட்டார்கள். பதினோரு வயதில் தொடங்கிய சிநேகிதம் அது. ஒருவர் விரல் அடுத்து எங்கே போகும் என்று மற்றவருக்குத் தெரியும். அந்தப் பரிச்சயத்தை வாடகைக்கு எடுக்க முடியாது, ஆர்.

நால்வருமே அயர்லாந்து வேர்கள் கொண்ட குடும்பங்களில் பிறந்தவர்கள். பிரிட்டனில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையில்லாமல் இருந்த காலத்தில் வளர்ந்து வந்தவர்கள். ‘இண்டி’ என்ற சொல் அப்போது ஓர் ஒலியைக் குறிக்கவில்லை. பெரிய நிறுவனங்களின் விநியோகத்துக்கு வெளியே இசைத்தட்டு விற்பதைக் குறித்தது. லண்டனில் 1976இல் ஒரு கடையாகத் தொடங்கி, பிறகு இசைத்தட்டுகளை வெளியிடவும் ஆரம்பித்த ரஃப் டிரேட்தான் இவர்களை ஏற்றுக்கொண்டது. 1984 முதல் 1987 வரை நான்கு ஆல்பங்கள் வந்தன. அவற்றில் ‘மீட் இஸ் மர்டர்’ 1985இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது, மற்ற மூன்றும் இரண்டாம் இடம்வரை வந்தன. பெருநிறுவனம் பின்னால் இல்லாத ஒரு குழுவுக்கு இது சாதாரணமானதல்ல. பின்னால் வந்த எத்தனையோ பிரிட்டிஷ் கிட்டார் குழுக்கள் இவர்கள் திறந்த வழியில்தான் நடந்தன.

ஆனால் 1983இல் ரஃப் டிரேடுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இருவர் மட்டுமே: மாரிஸி, மார். ரூர்க்கின் கையெழுத்தும் டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸின் கையெழுத்தும் அதில் இல்லை. நீங்கள் இன்று எழுதிய வாக்கியம் அன்றே அந்தத் தாளில் எழுதப்பட்டுவிட்டது. வரவு பிரிக்கப்பட்ட கணக்கு: நாற்பது, நாற்பது, பத்து, பத்து.

இங்கே எல்லோரும் செய்யும் ஒரு பிழையை நீங்களும் செய்யக்கூடாது என்பதற்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பாட்டை இயற்றியதற்கான ராயல்டி வேறு, அதை வாசித்துப் பதிவுசெய்ததற்கும் மேடை ஏறியதற்குமான வருமானம் வேறு. வரிகள் மாரிஸியுடையவை, இசையமைப்பு மாருடையது. அந்தப் பணம் அவர்கள் இருவருக்கே உரியது என்பதை யாரும் மறுக்கவில்லை, ஜாய்ஸும் அதில் ஒரு காசு கேட்கவில்லை. அவர் கேட்டது இரண்டாவது வகையில் நாலில் ஒரு பங்கு. பிரிட்டனில் 1890ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: கூட்டாளிகளுக்குள் வேறு உடன்பாடு இல்லாதபோது லாபம் எல்லோருக்கும் சமம். பத்து சதவீதத்துக்குத் தாம் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை என்றார் ஜாய்ஸ்.

கடனில் இருந்த ரூர்க், ஜாய்ஸோடு சேர்ந்து இதற்காகத் தொடுத்த வழக்கில் நிலைக்க முடியாமல், 1989இல் 83,000 பவுண்டும் எதிர்கால வருமானத்தில் அதே பத்து சதவீதமும் பெற்றுக்கொண்டு விலகினார். ஜாய்ஸ் விடவில்லை. 1996 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவருக்கு இருபத்தைந்து சதவீதம் உரியது என்று தீர்ப்பளித்தது. பழைய பாக்கி மட்டுமே ஏறத்தாழ பத்து லட்சம் பவுண்டு வந்தது. மாரிஸியை நீதிபதி வஞ்சகமானவர், முரட்டுத்தனமானவர், நம்பத்தகாதவர் என்று குறிப்பிட்டார். மாரிஸி மேல்முறையீடு செய்து 1998இல் அதிலும் தோற்றார். நீதிபதியின் அந்த மூன்று சொற்களைத்தான் இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த எண்தான். டிரம்ஸ் வாசித்த ஒருவர் அந்த ஒலிப்பதிவில் காற்பங்கு என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரூர்க்கும் கடைசிவரை நின்றிருந்தால் அவருக்கும் அதுவே கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது, அவருடைய அந்தக் கையெழுத்தின்மேல் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

மாரை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. குழுவுக்கு நிலையான மேலாளர் இல்லாததால் நிர்வாகச் சுமையில் பெரும்பகுதி இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையனான அவர் தலையில் விழுந்தது. ‘தி குவீன் இஸ் டெட்’ ஆல்பம் முடிந்தபின்னும் ரஃப் டிரேடுடனான சட்டச் சிக்கலில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அவர் 1987இல் களைத்துப்போய் வெளியேறினார், குழுவும் அத்தோடு முடிந்தது. ரூர்க் ஹெராயினுக்கு அடிமையாகி, 1986 தொடக்கத்தில் சில வாரங்கள் விலக்கப்பட்டதும் உண்டு. நீங்கள் சொல்வதுபோல் அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால், அப்போதே வேறொருவரை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். அவர்கள் ரூர்க்கையே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இத்தனை வழக்குக்கும் பிறகு, 2022 செப்டம்பரில், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில் மார் தன் பள்ளித் தோழனை அழைத்து அருகில் நிறுத்தி வாசிக்கவைத்தார். ரூர்க் இறப்பதற்கு எட்டு மாதங்கள் முன்பு அது.

உங்களிடம் கைப்பேசியும் அதனோடு வந்த செவிக்கருவியும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். யாரிடமாவது நல்ல ஹெட்போன் கடன் வாங்குங்கள். ‘பார்பரிசம் பிகின்ஸ் அட் ஹோம்’ ஏறக்குறைய ஏழு நிமிடப் பாட்டு. மாரிஸியின் சொற்கள் ஓய்ந்தபிறகும் அது வெகுநேரம் நீளும். அந்தப் பகுதியில் ரூர்க்கின் கட்டைவிரலும் ஜாய்ஸின் கையும் என்ன பேசிக்கொள்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு, அந்தக் கடைசி வாக்கியத்தை மாற்றி எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்