சாமி இருந்த இடமா, சோறு வடித்த இடமா? – கேள்வி பதில்

அகழாய்வுக் குழியில் பல வருடம் மண் சுரண்டியவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். புதையல் கேட்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

திருப்புவனம் தம்பி: அண்ணே, கீழடியில் கோயிலே கிடைக்கவில்லை என்கிறார்களே, அந்த மக்களுக்குச் சாமியே இல்லையா?

உங்கள் ஊர்க் கருப்பசாமியை நினைத்துப் பாருங்கள் தம்பி. ஒரு புளியமரம், நட்டுவைத்த நாலு அரிவாள், ஒரு கல், இரண்டு மண்குதிரை, கூரை கிடையாது. ஊர் காலியாகி இரண்டாயிரம் வருடம் போனால் என்ன மிஞ்சும்? மரம் மட்கிவிடும், அரிவாள் துருவாக உதிரும், கல்லுக்கு வாய் கிடையாது. குதிரைக் கால் துண்டு, பொங்கல் வைத்த சாம்பல், கிடா எலும்பு, இவ்வளவுதான் கைக்கு வரும், அதில் சாம்பலும் எலும்பும் எந்த வீட்டு அடுப்படியிலும் கிடக்கிற சமாச்சாரம். ஆகவே நாங்கள் பார்ப்பது, ஒரே வகை விலங்கின் ஒரே உறுப்பு எலும்பு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்திருக்கிறதா, முழுப் பானையை உடைக்காமல் குழிக்குள் இறக்கி வைத்திருக்கிறார்களா, அதே இடத்தில் தலைமுறை தலைமுறையாகத் தரை போட்டிருக்கிறார்களா என்பதை. ஒன்று மட்டும் இருந்தால் போதாது. கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். தோண்டியதே அந்த மேட்டில் ஒரு பகுதி.

மேலூர் ஆசிரியை: வெளிநாட்டில் இப்படிக் குழம்பியிருக்கிறார்களா சார்?

நன்றாகவே குழம்பியிருக்கிறார்கள் டீச்சர். துருக்கியில் சாத்தல்ஹூயூக், சுமார் 9000 வருடப் பழைய ஊர். 1960களில் தோண்டிய மெல்லார்ட், சுவரில் மாட்டுக் கொம்பும் ஓவியமும் கண்ட அறைகளையெல்லாம் கோயில் என்றார். 1993இலிருந்து ஹாடர் குழுவினர் போய் நிதானமாகப் பார்த்தால், அந்த அறைகளில் அடுப்பு இருக்கிறது, தரைக்கடியில் செத்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள், வெள்ளை மண் பூசிப் பூசித் தரையே தடித்திருக்கிறது. அதாவது, குடியிருந்த வீடு! சாமிக்குத் தனி வீடு வேண்டும் என்பது நம் தலையில் இருக்கிற எண்ணம்.

அதே ஆசிரியை: கோபெக்லி தெபே?

அதுவும் துருக்கியில் இருக்கிற பழைய இடம்தான், ஆனால் வேறு கதை. அங்கே ஐந்தரை மீட்டர் கல்தூண்களே நிற்கின்றன. 1995இல் தோண்டத் தொடங்கிய கிளாவுஸ் ஷ்மித், குடியிருப்பே இல்லாத கோயில் என்றார். அப்புறம் வீடு மாதிரிக் கட்டடங்களும் தானியம் அரைத்த கற்களும் வரிசையாக வந்தன, அந்த வாதம் ஆட்டம் கண்டுவிட்டது.

விளாங்குடி அன்பர்: சிலை இல்லை என்றால் மதமே இல்லை என்றுதானே அர்த்தம்? ஏன் மழுப்புகிறீர்கள்?

மழுப்பவில்லை அய்யா. கீழடிக்குப் பக்கத்தில்தான் கொந்தகை. தாழிக்குள் செத்தவரோடு சின்னச் சின்னக் கலயங்களை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். செத்தவருக்குக் கலயம் எதற்கு?

மேலமாசி வீதி அன்பர்: அப்படிச் சொல்லுங்கள், அப்போதே கோயில் இருந்திருக்கிறது!

நான் அப்படியும் சொல்லவில்லை. கலயம் வைத்தது சடங்கு. சடங்கு வேறு, கோயில் வேறு. நீங்கள் இருவரும் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர்: கீழடி எத்தனை வருடம் பழசு?

353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 580 என்று வந்தது. 2019இல் வெளியான அறிக்கையில் இருக்கிறது.

வேறொருவர்: வரலாற்றுக்கு முந்தைய கீழடியின் வயது என்ன?

மேலே பாருங்கள். பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்து வந்த பிறகு என்ன வரலாற்றுக்கு முந்தைய காலம்?

மற்றொருவர்: கீழடி வயது?

மேலே.

பள்ளி மாணவன்: நான் தோட்டத்தில் ஒரு பை நிறையக் கறுப்பு சிவப்புப் பானை ஓடு சேர்த்திருக்கிறேன் சார்!

எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது? தெரியாதல்லவா? அப்படியானால் இனி அது கள்ளிச்செடித் தொட்டியின் அடியில் போடத்தான் ஆகும். கோபமில்லை தம்பி, நானும் உன் வயதில் அதே தப்பைச் செய்தவன். இனிமேல் எடுக்காதே. கண்ணால் பார், படம் எடு.

சிலைமான் பெரியவர்: கிணறு வெட்டும்போது பெரிய பெரிய செங்கல் வருகிறது. அனுப்பலாமா?

செங்கல் வேண்டாம் அய்யா, படம் அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுங்கள், அளவு தெரியும். கழுவாதீர்கள். வெட்டுவதை இன்றைக்கே நிறுத்திவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்னொரு தரமும் சொல்கிறேன், கழுவாதீர்கள்.